போட் ஸ்டியரிங்கில் ஆட்டம்: எங்கே தேடுவது?

காரில் ஸ்டியரிங் லேசாக லொடலொடத்தால் மெக்கானிக் கடை வரைக்கும் எப்படியோ ஓட்டிக்கொண்டு போய்விடலாம். 16, 17 அடி மோட்டார் படகில் கதை வேற. பின்னால் அவுட்போர்டு என்ஜின் தொங்கும் இந்தப் படகுகளில் தனியாகச் சுக்கான் கிடையாது. என்ஜினே திரும்பணும். வேகமாகப் போகும்போது இணைப்பு விட்டுப்போனால் என்ஜின் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் மடங்கும், படகு சுழன்று ஓட்டுபவரையே வெளியே வீசிவிடும். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். அமெரிக்காவில் ஏப்ரல் 1, 2021 முதல் 26 அடிக்கும் குறைவான படகுகளை வேகமாக ஓட்டுபவர் கில் ஸ்விட்ச் கயிற்றை மாட்டிக்கொள்ளணும் என்று சட்டம் போட்டது இந்த மாதிரி விபத்துகளைத் தடுக்கத்தான்.

(நம்மூர் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து என்ஜின் கைப்பிடியைப் பிடித்தே திருப்புகிறார்கள். இந்தத் தலைவலியே இல்லை!)

சரி, விஷயத்துக்கு வருவோம். வீலுக்குப் பின்னால் ஒரு கியர் பெட்டி இருக்கும், ஹெல்ம் என்பார்கள். அது ஒரு கேபிளைத் தள்ளும், இழுக்கும். கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஸ்டீல் தண்டு, என்ஜினின் டில்ட் ட்யூபுக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும். அதன் நுனியிலிருந்து ஒரு இணைப்புக் கம்பி என்ஜினைத் திருப்பும். ஆட்டம் இந்தச் சங்கிலியில் எங்கேயும் இருக்கலாம்.

புரோகிராமர்கள் பக் தேடுகிற மாதிரி நடுவிலிருந்து தொடங்குங்க. படகு ட்ரெய்லரில், என்ஜின் ஆஃப். ஒருத்தர் வீலைக் கொஞ்சமாக இடவலம் அசைக்கட்டும். இன்னொருத்தர் அந்தத் தண்டின் நுனியைப் பார்க்கணும். தண்டு அசைந்தும் என்ஜின் அசையவில்லையா? கோளாறு பின்பாதியில். வீல் அசைந்தும் தண்டு சும்மா இருக்கா? முன்பாதியில்.

பின்பாதி என்றால் சந்தோஷப்படலாம், பெரும்பாலும் மலிவான வேலை. இணைப்புக் கம்பியின் இரண்டு முனை போல்ட்களையும் பாருங்க. அங்கே நைலான் வளையம் வைத்த லாக் நட்டுதான் போடணும். கழற்றினால் புதுசு போடுங்க, பழையதின் பிடி போயிருக்கும். சாதா நட்டு போட்டால் அதிர்விலேயே கழன்று வந்துவிடும். மொத்த ஸ்டியரிங்கும் அந்த ஒரு போல்ட்டை நம்பி இருக்கு, மாற்று வழி எதுவும் கிடையாது. அதற்காக முரட்டுத்தனமாக முறுக்கவும் கூடாது, மூட்டு தடையில்லாமல் திரும்பணும். எவ்வளவு முறுக்கு என்பது என்ஜின் மேனுவலில் இருக்கும். போல்ட் சரியாக இருந்தும் என்ஜினைக் கையால் பிடித்தால் தன் பிராக்கெட்டுக்குள்ளேயே தடதடக்கிறதா? உள்ளே புஷ் தேய்ந்திருக்கு.

பலரும் கவனிக்காத ஓர் இடம்: கேபிள் டில்ட் ட்யூபோடு சேரும் பெரிய நட்டு. அது தளர்ந்தால் உள்கம்பிக்குப் பதிலாகக் கேபிளின் மேலுறையே முன்னும் பின்னும் போகும்.

முன்பாதியில் முதலில் ஹெல்ம் டாஷ்போர்டில் இறுக்கமாக இருக்கா, வீல் நட்டு இறுக்கமா என்று பாருங்க. அதுவும் சரி என்றால் கியரோ கேபிளின் உள்கம்பியோ தேய்ந்திருக்கு. கேபிளை ரிப்பேர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேணும். இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் என் கட்சி. தேய்ந்த கியர் புதுக் கேபிளையும் தின்னும். ஆனால் 'நோ ஃபீட்பேக்' வகை ஹெல்மில் கொஞ்சம் ஆட்டம் பிறவியிலேயே உண்டு, அதைத் துரத்தாதீங்க.

டில்ட் ட்யூபில் பழைய கிரீஸ் இறுகிப்போனால் வீலைப் பலமாகத் திருப்பித் திருப்பியே கியர் தேயும். அதைச் சுத்தம் செய்து புது கிரீஸ் அடிக்கணும். கிரீஸ் அடிக்கும்போது தண்டு முழுக்க உள்ளே இழுக்கப்பட்டிருக்கணும். வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் உள்ளே அடைபட்ட கிரீஸ் ஸ்டியரிங்கையே பூட்டிவிடும்.

ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் கேபிள் கிடையாது. வீல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கு. முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கணும். அப்புறம் எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றணும்.

வீல் ஒரு பக்கமே இழுத்தால் அது ஆட்டமே இல்லை, ப்ரொபெல்லர் சுழற்சியின் விளைவு. ப்ரொபெல்லருக்குச் சற்று மேலே, பின்பக்கம், சின்னத் துடுப்பு மாதிரி ட்ரிம் டேப் இருக்கும். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்விளிம்பை வலப்பக்கமே கொஞ்சம் திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் திருப்புங்க.