காற்றூட்டியும் எஞ்சின் வலுவும்

மோட்டார் வண்டியின் வலு முழுவதும் பெற்றோலிலேயே அடங்கியுள்ளதெனப் பலர் கருதுவர். பெற்றோல் எரிதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசன் இன்றியமையாதது என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்குத் திணிவளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சினுள் பெற்றோலை மிகுதியாகச் செலுத்துதல் எளிது. அதற்கேற்ற காற்றைப் புகுத்துதலே அரிது.

சாதாரண எஞ்சினில், ஆடுதண்டு கீழிறங்கும்போது வளிமண்டல அமுக்கம் ஒன்றே காற்றை உருளையினுள் தள்ளுகின்றது. ஆகவே, வலுவைப் பெருக்க விரும்புவோர்க்கு மூன்று வழிகளே உள. உருளைகளின் கனவளவைப் பெருக்கலாம். எஞ்சினை விரைந்து சுழலச் செய்யலாம். அன்றேல், உட்செல்லும் காற்றை முன்னரே நெருக்கி அடர்த்தியாக்கலாம். மூன்றாம் வழிக்குரிய கருவியே சூப்பர்சார்ஜர் எனப்படும் காற்றூட்டி.

அமெரிக்காவில் றூற்ஸ் சகோதரர் 1860 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற காற்றூதும் பொறியே காற்றூட்டிகளுள் ஒருவகைக்கு மூலமாயிற்று. ஒரு கூட்டினுள் இரு சுழலிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சுழன்று, தம் மடல்களுக்கும் கூட்டின் சுவருக்குமிடையே காற்றை அள்ளிச் செல்லும். எஞ்சின் உட்கொள்ளக்கூடியதினும் மிகுதியான காற்றை அவை அனுப்புதலால் அமுக்கம் உயர்கின்றது.

இம்முறையின் ஆற்றலையும் இடரையும் ஒருங்கே விளக்குவது இங்கிலாந்தின் பென்ற்லி வண்டியின் வரலாறு. அவ்வண்டியின் நான்கு உருளை எஞ்சின், 100 மில்லிமீற்றர் விட்டமும் 140 மில்லிமீற்றர் அடிநீளமும் உடைய உருளைகளால் 4,398 கன சென்ரிமீற்றர் கனவளவு பெற்றிருந்தது. அதன் வலு 110 குதிரைவலு. 1928 இல் பிரான்சின் லெ மான் நகரில் நிகழ்ந்த 24 மணிநேரப் போட்டியில் இவ்வகை வண்டியே வெற்றி பெற்றது.

ஓட்டப் போட்டி வீரரான சேர் ஹென்றி பேர்க்கின் அவ்வலுவோடு அமையவில்லை. பொறியியலாளர் அம்மேஸ்ற் வில்லியர்ஸ் வகுத்த றூற்ஸ் வகைக் காற்றூட்டியை அவ்வெஞ்சினுடன் இணைக்க விரும்பினார். டொறதி பஜெற் என்னும் செல்வச் சீமாட்டி பொருளுதவி புரிந்தார். வண்டியை ஆக்கிய டபிள்யூ. ஓ. பென்ற்லி இதனை உடன்பட்டாரல்லர். வலு வேண்டின் எஞ்சினைப் பெரிதாக்குக என்பதே அவர் கொள்கை. எனினும், நிறுவனத்தின் தலைவர் பர்னாற்றோ இணங்கியமையால் வேலை தொடர்ந்தது. காற்றூட்டி வண்டியின் முகப்பில் வைக்கப்பட்டு, எஞ்சினின் சுழல்தண்டினாலேயே இயக்கப்பட்டது. வீதியிற் செல்லும் வண்டி 175 குதிரைவலுவும் போட்டி வண்டி 240 குதிரைவலுவும் பெற்றன. ஒரே கனவளவில் வலு இருமடங்கினும் மிகுந்தமை வியப்புக்குரியதே.

இத்துணை வலு எவ்விலையுமின்றிக் கிடைத்ததன்று. காற்றை நெருக்கும்போது அது சூடேறுகின்றது. 27 பாகை வெப்பநிலையிலுள்ள காற்றை வளிமண்டல அமுக்கத்தின் 1.6 மடங்காக உயர்த்தினால், இழப்பேதுமில்லை எனக் கொள்ளினும், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 70 பாகையாகும். எனவே, அடர்த்தி 1.6 மடங்காகாது 1.4 மடங்களவிலேயே நின்றுவிடும். செய்முறையில் றூற்ஸ் பொறி காற்றை இன்னும் மிகுதியாகச் சூடாக்குதலால் ஆதாயம் மேலுங் குறையும். காற்றூட்டியைச் சுழற்றுவதற்கும் எஞ்சின் தன் வலுவில் ஒரு பகுதியைக் கொடுத்தல் வேண்டும்.

வெப்பத்தினால் விளையும் பெருந்தீங்கு வேறொன்றுண்டு. மின்பொறி மூட்டிய சுவாலை பரவி வருமுன், எஞ்சியுள்ள கலவை தானே வெடித்தெரிதலை அறைவெடிப்பு என்பர். சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசையுடன் தோன்றும் இது, சிறிது பொழுதிலேயே ஆடுதண்டைத் துளைத்துவிடவும் கூடும்.

காற்றூட்டி பொருந்திய இக்கால வண்டியை வாங்கியபின் அதன் வலுவை மேலும் உயர்த்த விரும்புவோர் கைக்கொள்ளும் வழிகளும் இவ்விதிகளுக்கு உட்பட்டனவே. முதலாவது, காற்றூட்டியின் கப்பியைச் சிறிதாக்குதல். 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள கப்பிக்குப் பதிலாக 70 மில்லிமீற்றர்க் கப்பியைப் பூட்டினால், காற்றூட்டி ஏறத்தாழ 14 சதவீதம் விரைந்து சுழலும், அமுக்கமும் உயரும். இது செலவு குறைந்த வழியாயினும் வெப்பத்தையும் உடன் வளர்ப்பது. இரண்டாவது, காற்றூட்டிக்கும் எஞ்சினுக்குமிடையே குளிர்விப்பானை அமைத்தல் அல்லது உள்ளதைப் பெரிதாக்குதல். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது, அறைவெடிப்பையும் தடுப்பது. மூன்றாவது, மிகுந்த காற்றுக்கேற்பப் பெற்றோலைத் தெளிக்கும் கருவிகளை மாற்றி, எரிபொருளின் அளவையும் மின்பொறியின் நேரத்தையும் கணினி வாயிலாகத் திருத்துதல். காற்று மிகுந்து பெற்றோல் குறையின் அறைவெடிப்பு அணுகும். நான்காவது, புகைபோக்கு குழாயின் தடையைக் குறைத்து, எரிந்த வாயு எளிதில் வெளியேற வழிசெய்தல்.

இவற்றின் வரிசையை மாற்றுவோரே இடர்ப்படுகின்றனர். குளிர்விப்பும் எரிபொருளும் சீர்ப்பட்ட பின்னரே அமுக்கத்தை உயர்த்துதல் முறை. வலு மிகுந்த வண்டிக்குத் தடுப்பும் சில்லுகளும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். விரைந்து செல்வது விரைந்து நிற்கவும் வேண்டுமன்றோ!

1930 ஆம் ஆண்டு லெ மான் போட்டியில் பேர்க்கினின் வண்டி மேர்சிடிஸ் வண்டியைத் துரத்தி முந்தியது. மேர்சிடிஸ் போட்டியிலிருந்து விலகியது. காற்றூட்டிய பென்ற்லிகளும் இறுதிவரை நிலைக்கவில்லை. காற்றூட்டி இல்லாத ஆறரை லீற்றர் பென்ற்லிகளே முதலிரு இடங்களையும் பெற்றன. ஆயினும் பேர்க்கினின் முயற்சியை வீணென ஒதுக்குதல் நேர்மையாகாது. அவ்வாண்டிலேயே போ நகரில் நிகழ்ந்த பிரெஞ்சுப் பெரும்போட்டியில் அவர் இரண்டாமிடம் பெற்றார். 1932 இல் புறூக்லண்ட்ஸ் களத்தில், ஒற்றை இருக்கையுடைய காற்றூட்டிய பென்ற்லியில் மணிக்கு 137.96 மைல் விரைவில் ஒரு சுற்றினை ஓட்டிச் சாதனை படைத்தார்.

ஒரு சுற்றின் விரைவு வேறு. ஒருநாள் முழுதும் நிலைத்தோடும் உறுதி வேறு. காற்றூட்டி முன்னதை அளித்தது. பின்னதை எஞ்சினின் ஒவ்வோருறுப்பும் சேர்ந்தே அளித்தல் வேண்டும். வலுவைப் பெருக்க முனைவோர், அவ்வலுவைத் தாங்கும் உறுப்புக்களை முதற்கண் ஆராய்வாராக.