துடைக்கலாம், அராவக் கூடாது!

புதுதில்லி: துப்பாக்கி சுடும் போட்டியில் ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய தொலைவு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலை ரைஃபிள் போட்டியில் ஜாய்தீப் கர்மாக்கர் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் ரயில்வே ஊழியரான ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அப் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

இருவரும் ஏந்தியது பாயின்ட் 22 ரைஃபிள். 50 மீட்டர் தொலைவில் அது துளைக்க வேண்டிய 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே, துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்ட வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பது இளம் வீரர்கள் பலரின் கேள்வி. இதற்கான விடையில் பாதி தொழில்நுட்பம், மீதி சட்டம்.

நாடாளுமன்றத்துக்கும் இவ் விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1951-ல் தேசிய ரைஃபிள் சங்கம் உருவானதில் மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவ்லங்கருக்குப் பெரும் பங்கு உண்டு. 1952 முதல் 1977 வரை பிகானீர் தொகுதி உறுப்பினராக இருந்த கர்ணி சிங், ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். தில்லி துக்ளகாபாத் சுடுதளம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

சட்டம் சொல்வது என்ன?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் தடை செய்கிறது. குழலின் நீளத்தைக் குறைப்பதை 6-வது பிரிவு தடுக்கிறது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்துக்குப் பின் இக் குற்றங்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் இதே திருத்தம்தான். அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் உறுப்பினர் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயின்ட் 22 ரைஃபிளுக்கு இவ் வரம்பிலிருந்து சட்டமே விலக்கு அளித்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, விசையின் உள்ளுறுப்புகளை அரத்தால் தேய்ப்பதும், குழலின் வாயை வெட்டிச் சீரமைப்பதும் வீட்டு வேலை அல்ல. அவை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியின் பணி.

வீட்டில் செய்யத் தக்கவை

முதலாவது, தூய்மை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். துடைப்புக் கம்பியைப் பின்புறத்திலிருந்து முன்னோக்கியே செலுத்த வேண்டும். வாய்ப்பகுதியில் கம்பி உரசி ஏற்படும் சிறு தேய்மானமும் குண்டின் போக்கைத் திருப்பிவிடும்.

இரண்டாவது, இயந்திரப் பகுதியை அடிக்கட்டையுடன் பிணைக்கும் திருகாணிகள். இவற்றின் இறுக்கம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். முறுக்கு அளவு காட்டும் கருவியால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் இறுக்கி, அதைக் குறித்து வைப்பது நல்லது. விசையின் கனத்தையும் தயாரிப்பாளர் அமைத்துள்ள திருகின் வரம்புக்குள் மட்டுமே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, வெற்றுச் சுடு பயிற்சி. இவ் வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்பில் இருப்பதால், அடிக்கும் ஊசியும் விளிம்பையே தாக்கும். தோட்டா இல்லாதபோது அது குழலின் ஓரத்தில் மோதிச் சேதம் விளைவிக்கலாம். போலித் தோட்டாவையோ, தயாரிப்பாளர் அளித்துள்ள வெற்றுப் பயிற்சி அமைப்பையோ பயன்படுத்துவதே பாதுகாப்பு.

தோட்டாவே தீர்ப்பு

இத்தனைக்குப் பிறகும் துல்லியத்தைப் பெரிதும் தீர்மானிப்பது தோட்டாதான். பெரிய துப்பாக்கித் தோட்டாக்களைப் போல இவற்றை மீண்டும் நிரப்பிச் சீராக்க வழியில்லை. வேகம் வினாடிக்கு 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். ஒரே நிறுவனத்தின் இரு தயாரிப்புத் தொகுதிகள்கூட ஒரே குழலில் வெவ்வேறாக நடந்துகொள்ளும். எனவேதான் முன்னணி வீரர்கள் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உள்ள தோட்டா நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்கே துப்பாக்கியைக் கொண்டு சென்று, தமக்கு ஏற்ற தொகுதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவ்வாறு செல்ல இயலாதவருக்கு, உள்ளூர்ச் சுடுதளத்தில் ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, முடிவுகளை ஏட்டில் ஒப்பிடுவதே வழி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாது.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம், புகழ்பெற்ற வீரர்கள் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் வரம்பை 7-லிருந்து 12 வரை உயர்த்தியது. எண்ணிக்கை உயர்ந்தது நல்லதே. ஆனால், ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு போராடும் மாவட்ட அளவிலான வீரருக்குத் தேவை பன்னிரண்டாவது துப்பாக்கி அல்ல. அரசுச் சுடுதளம்தோறும் தோட்டாத் தொகுதிகளைச் சோதிக்கும் நிலைமேடையும், உரிமம் பெற்ற தொழிலாளி ஒருவரும் இருந்தால் போதும். ஆயுதச் சட்டம் உள்துறையிடமும் பதக்கக் கனவு விளையாட்டுத் துறையிடமும் இருக்கும் நிலையில், இரண்டும் கலந்து பேசினால்தான் இது சாத்தியம்.