உங்களுக்குத் தெரியுமா? வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தும் தியேட்டருக்கு இழுத்த டோரேமான்

ஜப்பானின் டிவி அசாஹியில் டோரேமான் கார்ட்டூன் தொடர் தொடங்கியது 1979 ஏப்ரலில். ஓராண்டு முடியுமுன்பே, 1980 மார்ச்சில், ‘நோபிதாவின் டைனோசர்’ திரைக்கு வந்தது. பிறகு பெரும்பாலும் ஆண்டுக்கொரு படம். அதுவும் பள்ளி வசந்த விடுமுறையை ஒட்டி!

சும்மா டிவியின் பத்து நிமிடச் சேட்டைகளை ஒட்டுப்போட்டுப் படமாக்கவில்லை. மூலப் படைப்பாளர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ திரைக்கென்றே நீண்ட சாகசக் கதைகளைத் தனியாக எழுதி வரைந்தார், 1996இல் மறையும் வரை. சின்னத்திரையில் சிறுவன் நோபிதாவை மொத்தித் தள்ளும் முரட்டுப் பையன் ஜியான், பெரிய திரையில் அவனுக்காக ஆபத்தில் குதிக்கிறான். தினமும் வீட்டில் பார்க்கும் பாத்திரங்களுக்காகப் பிள்ளைகள் தியேட்டர் வரை வர, இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. 2006இல் அந்த முதல் படத்தையே புதிய குரல்களோடு மீண்டும் எடுத்தார்கள். அதற்கும் கூட்டம் வந்தது.