ஓயாத மனம் – 11: மருத்துவர் வீட்டுத் தோட்டம்

சந்தேகம், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பக் கழுவும் அல்லது சரிபார்க்கும் சடங்கு, கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி சந்தேகம். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் சுற்றும் வட்டம் இதுதான். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த வாரம் வெட்டவெளி முகாம்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குழாயையும் பூட்டையும் வீட்டோடு விட்டுவிட்டு, இந்த நோயுள்ள பெரியவர்கள் காட்டில் சில நாள் கூடித் தங்கும் முகாம்கள். அங்கே போகுமுன் ஒரு தோட்டத்தைப் பார்த்துவிடலாம். இந்த முகாம்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, டோக்கியோவில் ஒரு மருத்துவரின் வீட்டில் இருந்த தோட்டம் அது.

அந்த மருத்துவர் ஷோமா மொரிட்டா. 1874இல் ஜப்பானின் கோச்சிப் பகுதியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது கோயிலில் நரகத்தின் ஓவியம் ஒன்றைப் பார்த்தார். அன்று பிடித்துக்கொண்ட மரண பயம் பல ஆண்டுகள் விடவில்லை. மருத்துவ மாணவரானபோது நெஞ்சு படபடப்பு. கையில் எப்போதும் மருந்து. தேர்வு நெருங்கிய சமயத்தில் ஊரிலிருந்து பணம் வரவில்லை. தன்மேல் வீட்டாருக்கு அக்கறை இல்லை என்று மனம் கொதித்தது. 'செத்தாலும் சாகிறேன்' என்று மருந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு இரவும் பகலும் படித்தார். நல்ல மதிப்பெண் வந்தது, படபடப்பு போயிருந்தது. அதை விரட்ட அந்த நாட்களில் அவர் எதுவுமே செய்திருக்கவில்லை. பின்னாளில் அவர் வகுத்த சிகிச்சை முழுவதும் இந்த ஒரு அனுபவத்திலிருந்து கிளைத்ததாகவே எனக்குப் படுகிறது.

1919இல், மருத்துவமனையில் தனக்கு அறிமுகமான ஒரு செவிலி நரம்புத் தளர்ச்சியால் அவதிப்பட்டபோது, மொரிட்டா அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். வீட்டு வேலைகளில் ஈடுபட்ட அந்தப் பெண் தேறிவிட்டார். அதன்பிறகு மற்ற நோயாளிகளையும் வீட்டிலேயே தங்கவைக்கத் தொடங்கினார். விடாத எண்ணங்களால் அலைக்கழிந்தவர்கள் அவர்களில் பலர். மனைவி ஹிசாய் கூட இருந்து வேலைகளைக் கவனித்துக்கொண்டார்.

சிகிச்சைக்கு நான்கு கட்டங்கள். முதல் கட்டம் ஏறக்குறைய ஒரு வாரம்: தனியறையில் படுக்கை. படிக்கக் கூடாது, பேசக் கூடாது, புகைக்கக் கூடாது. சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் மட்டும் எழுந்திருக்கலாம். எண்ணங்கள் வந்தால் வரட்டும். தடுக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். முதலில் எண்ணங்கள் பேயாட்டம் ஆடும். நாள் போகப் போக அலுப்பு தலைதூக்கும். எழுந்து ஏதாவது செய்தால் தேவலை என்று உடம்பு துடிக்கும். மொரிட்டா காத்திருந்தது இந்தத் துடிப்புக்காகத்தான்.

என் மனம் இந்த வாரம் முழுக்க இரண்டாம் கட்டத்திலேயே நிற்கிறது. நோயாளி தோட்டத்துக்கு வருகிறார். அரட்டைக்கு இன்னும் அனுமதியில்லை, பொழுதுபோக்கும் கிடையாது. இதைச் செய், அதைச் செய் என்று பட்டியல் போட்டு யாரும் வேலை ஏவுவதுமில்லை. ஒரு வாரம் கூரையையே பார்த்துக் கிடந்த கண்ணுக்கு எறும்பு வரிசை தெரிகிறது, இலையின் நரம்பு தெரிகிறது. சருகு கிடக்கிறது, கை நீண்டு பொறுக்குகிறது. களை தெரிகிறது, கை பிடுங்குகிறது. 'இந்த மண் அசுத்தமோ?' என்ற கேள்வி அப்போதும் எழுகிறது. அதற்குப் பதில் கிடைக்குமுன்பே விரல்களில் மண் ஒட்டிவிட்டது.

தன் உடம்பில் தோன்றும் ஓர் உணர்வை உற்றுக் கவனித்தால் அது கூர்மையாகும். கூர்மையானால் கவனம் இன்னும் அதில் போய்க் குவியும். மனிதன் மாட்டிக்கொள்ளும் பொறி இதுவே என்றார் மொரிட்டா. எண்ணத்தோடு மல்லுக்கு நிற்பதும் ஒருவகைக் கவனம்தான். ஆகவே மனம் அமைதியான பிறகு வேலை என்று அவர் வைக்கவில்லை. கலங்கிய மனத்தோடேயே சருகைப் பொறுக்கச் சொன்னார். மூன்றாம் கட்டத்தில் விறகு பிளப்பது, மண் வெட்டுவது போன்ற கடும் உழைப்பு. நான்காவதில் வெளியுலகுக்குத் திரும்புவதற்கான பழக்கம்.

படுக்கைக் கட்டம் முடிந்ததும் நோயாளிகள் மாலையில் நாட்குறிப்பு எழுத வேண்டும்; அதில் மருத்துவர் தன் குறிப்பை எழுதித் தருவார். நோயைப் பற்றிய புலம்பலுக்குப் பிடிகொடுக்காமல், அன்று என்ன செய்தாய் என்ற பக்கமே பேச்சைத் திருப்புவது இந்த மரபின் உறுதியான வழக்கம். நம் வீடுகளில் நடப்பது வேறு. 'கேஸை மூடினேனா, சொல்லும்மா' என்று பத்தாவது முறை மகன் கேட்கும்போது, அம்மா பாசத்தோடு பத்தாவது முறையும் 'மூடிட்டே கண்ணு' என்கிறார். அந்தப் பதில்தான் பதினோராவது கேள்விக்கு விதை. பதில் தராமல், அன்பைக் குறைக்காமல், பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த அம்மாக்களுக்குத்தான் தெரியும்.

மொரிட்டா 1938இல் காலமானார். அவருடைய சீடரும் ஜென் துறவியுமான கென்யூ உசா 1922இல் கியோட்டோவில் சான்செய் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். டோஃபுகுஜி கோயிலை ஒட்டி நடந்த அந்த மருத்துவமனை 2014 வரை நீடித்தது. இன்றும் டோக்கியோவை ஒட்டிய கொமாயேயில், ஜிகேய் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் மொரிட்டா சிகிச்சை உண்டு. நல்ல மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் இந்தப் படுக்கைக் கட்டத்தை வீட்டில் யாரும் முயலக் கூடாது. கடும் மனச்சோர்வில் இருப்பவரைத் தனியறையில் கிடத்துவது ஆபத்து.

இனி முகாம். 'நாலு நாள் கொடைக்கானல் போய்விட்டு வந்தால் சரியாகிவிடும்' என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். சரியானது போலத் தோன்றவும் செய்யும். விடுதி அறையின் பூட்டுக்கும் அடுப்புக்கும் பொறுப்பு வேறு யாருடையதோ என்பதால் பலருக்கு வெளியூரில் சந்தேகம் தணிகிறது. வீட்டு வாசல்படியை மிதித்ததும் அது திரும்பிவிடுகிறது. பொறுப்பிலிருந்து விடுப்பு கிடைத்திருக்கிறதே தவிர, சிகிச்சை நடக்கவில்லை. பசுமையும் குளிர்காற்றும் மட்டுமே தரும் முகாமை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் கிரேசன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பிலடெல்பியாவில் 1981இல் உருவான 'கோல்' என்ற சுய உதவிக் குழுவோடு நெடுங்காலம் பணியாற்றியவர். ஓசிடி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு கூடாரமடித்துத் தங்கப் போவது அவர் வழக்கம். நினைத்தபோதெல்லாம் கைகழுவ முடியாத இடத்தில், தொடுவதற்கு அஞ்சியதைத் தொட்டு, அதே கையால் சாப்பிட்டு, அந்தப் பதற்றத்தோடேயே அடுத்த வேலைக்கு நகரும் பயிற்சி அது. சுற்றியிருப்பவர்களும் அதே பயம் உள்ளவர்கள் என்பதால் அங்கே யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பின்னர் ஓசிடி மாநாடுகளில், காடில்லாமலே இதை நடத்தினார். இரவில் கூட்டமாக நகரத் தெருக்களில் நடந்து, குப்பைத்தொட்டி உட்பட அஞ்சியவற்றைத் தொட்டுவரும் பயிற்சி. மரங்கள் இல்லாத இடத்திலும் இது நடக்கிறதென்றால், காட்டில் சிகிச்சையாக இருந்தது மரங்கள் மட்டும் அல்ல.

மொரிட்டா பயத்தை நேருக்கு நேர் சந்திக்கும் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. கிரேசன் அதைத்தான் கொடுக்கிறார். வழிகள் வேறு. ஆனால் பயம் போகட்டும், பிறகு வாழலாம் என்று காத்திருக்க இருவருமே யாரையும் விடவில்லை. முகாமுக்குப் போக நினைப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அங்கே எனக்கு ஓய்வு தருவார்களா, பொறுப்பு தருவார்களா? போக வசதியில்லாதவர்கள் மனநல மருத்துவரை அணுகலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும், யார் போகக் கூடாது, திரும்பி வந்த பிறகு வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. அதற்கு முன்னால் 1966இல் லண்டனின் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்கும் போக வேண்டும். ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் அறையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தண்ணீரை நிறுத்தினார். கிரேசனின் முகாம் வரை வந்திருக்கும் பாதை அந்த அறையில்தான் தொடங்குகிறது.

(தொடரும்)