அளவுமீறி உண்ணும் கோளாறும் மருத்துவ ஆய்வில் தன்னார்வலராகச் சேர்தலும்

ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ உண்மையிலேயே பயன் தருகிறதா, தீங்கு ஏதும் செய்கிறதா என்பதை மனிதர்களிடம் முறைப்படி சோதித்து அறிவது மருத்துவ ஆய்வு ஆகும். ஆங்கிலத்தில் இதனைக் கிளினிக்கல் டிரையல் என்பர். தம் விருப்பத்தின் பேரில் அதில் பங்கேற்பவர் தன்னார்வலர் எனப்படுகிறார். பிஞ்ச் ஈட்டிங் டிசார்டர் என்னும் அளவுமீறி உண்ணும் கோளாற்றுக்கான ஆய்வுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்படிச் சேர்பவர் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கோளாற்றின் இயல்பு

கல்யாணப் பந்தியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாப்பிடுவது நோயன்று. சுமார் இரண்டு மணி நேரத்திற்குள், மற்றவர் உண்ணும் அளவைவிடத் தெளிவாக மிகுதியாக உண்பதும், அப்போது நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவதும் சேர்ந்து வருவதே இக்கோளாறு. பசியில்லாதபோதும் உண்ணுதல், வேகவேகமாக விழுங்குதல், வயிறு வலிக்கும் வரை உண்ணுதல், வெட்கத்தால் தனியாக உண்ணுதல், பின்னர் தன்னைத்தானே வெறுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். வாரத்திற்கு ஒரு முறையேனும் மூன்று மாதங்கள் இவ்வாறு நிகழ்ந்தால் மருத்துவர்கள் இதனை நோயாகக் கணக்கிடுகின்றனர். உண்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பழக்கம் இதில் இல்லை. அப்பழக்கம் உள்ளது புலிமியா என்னும் வேறொரு நோய்.

அமெரிக்க உளநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1959இலேயே இத்தகைய உண்ணுதலை விவரித்திருந்தார். ஆயினும் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 2013ஆம் ஆண்டில்தான்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மதிய இடைவேளையில் எல்லோர் முன்னும் இரண்டு வாய் மட்டும் உண்பாள். பிறகு மாடிப்படியின் அடியில் தனியே அமர்ந்து, டப்பா டப்பாவாக உண்டு முடிப்பாள். பிள்ளைகள் அவளைத் 'தீனி' என்று கேலி செய்தனர். ஒருமுறை நானும் சிரித்துவிட்டேன். அவளுக்கு இருந்தது இந்த நோய்தானா என்று சொல்ல நான் மருத்துவர் அல்லன். ஆனால் இப்படி ஒரு நோய் உண்டு என்பதுகூட அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போலி மாத்திரை எதற்கு?

இக்கோளாற்றுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுவழிச் சிகிச்சை. மருந்துகளில் லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் என்பதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. இந்நோய்க்கென அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவே. இது எடை குறைப்புக்கான மருந்தன்று. மேலும் இது ஊக்கமருந்து வகையைச் சேர்ந்தது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. பழக்க அடிமையாக்கும் அபாயமும் உண்டு.

அந்த ஒப்புதலுக்கு அடிப்படையான இரு பெரிய ஆய்வுகள் 12 வாரங்கள் நடந்தன. பங்கேற்றோர் 18 முதல் 55 வயது வரையினர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு மருந்தும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலிக் குளிகையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது பங்கேற்பவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில், அளவுமீறி உண்ட நாட்கள் மருந்து பெற்றவர்களிடம் வாரத்திற்கு ஏறத்தாழ 3.9 நாள் குறைந்தன. போலிக் குளிகை பெற்றவர்களிடமோ ஓர் ஆய்வில் 2.5, மற்றதில் 2.3 நாள் குறைந்தன.

இந்த இரண்டாவது எண்ணை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாத குளிகையை விழுங்கியவர்களும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மீண்டிருக்கின்றனர். யாரோ ஒருவர் இகழாமல் கேட்கிறார், என்ன உண்டோம் என்று நாள்தோறும் எழுத வேண்டியிருக்கிறது, ஏதோ செய்கிறோம் என்ற நம்பிக்கை வருகிறது. இவையெல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன போலும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இல்லாவிட்டால் அந்த முன்னேற்றம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சென்னையின் பழைய பாடம்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்தால் எழும்பூர், அதற்கும் அப்பால் சேத்துப்பட்டு. உலகக் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய ஓர் ஆய்வு அங்கே தொடங்கியது என்பது இன்று நம்மில் பலருக்குத் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அதுவே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அன்று காசநோயாளி சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ நம்பிக்கை. படுக்கைகளோ மிகக் குறைவு. எனவே நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவு சானடோரியத்தில், மறு பிரிவு தம் நெருக்கடியான வீடுகளில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் மருந்தை விழுங்குகிறார்களா என்று அறிய முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணியதும் சிறுநீரைச் சோதித்ததும் உண்டு. நல்ல உணவும் ஓய்வும் பெற்ற சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும், அவை கிடைக்காத வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையை எட்டினர். 1959இல் வெளியான இம்முடிவே வீட்டுச் சிகிச்சைக்கு உலகெங்கும் வழி திறந்தது.

இரு பிரிவில் எது மேல் என்று ஆய்வு தொடங்கும்போது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால்தான் குலுக்கிப் போடுவது நியாயமாகிறது. தெரிந்த பிறகும் ஒரு பிரிவினரைத் தாழ்ந்த சிகிச்சையில் வைத்திருந்தால் அது அநியாயம்.

உணவுப் பழக்கம் சார்ந்த ஆய்விலும் சென்னைக்கு இடமுண்டு. இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். மூன்றாண்டில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், உணவு, உடற்பயிற்சி குறித்துத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது.

கையெழுத்திடுமுன்

இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் 2019 நடைமுறையில் உள்ளன. குறைந்தது ஏழு உறுப்பினர் கொண்ட நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வு தொடங்கக் கூடாது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் தர வேண்டும். நம் ஊரில் தமிழில் கேட்டு வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் போலி மருந்து தந்ததால் ஏற்படும் பாதிப்பும் இதில் அடங்கும்.

ஆய்வு உண்மையானதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

அளவுமீறி உண்ணும் கோளாற்றுக்கான ஆய்வில் இன்னும் சில கேள்விகள் முக்கியம். இதய நோயோ, போதைப் பழக்கமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். சேர்ந்தே ஆகவேண்டும் என்று அவற்றை மறைப்பது உயிருக்கே ஆபத்து. எத்தனை முறை உண்டோம் என்பதை வெட்கத்தால் குறைத்துச் சொல்வதும் உண்டு. மறைத்த எண், நாளை அந்த மருந்தை வாங்கும் வேறொருவரைச் சென்று சேரும். ஆய்வு முடிந்தபின் மருந்து கிடைக்குமா? போலிக் குளிகைப் பிரிவில் இருந்தவருக்குப் பிறகு என்ன சிகிச்சை? உணவுக் குறிப்பேட்டை யார் யார் படிப்பார்கள்? இவற்றுக்கு விடை பெறாமல் கையெழுத்திடக் கூடாது. வீட்டில் கலந்து பேச அவகாசம் கேட்பதில் தவறில்லை.

போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தரப்படலாம். பணத்துக்காக மட்டும் சேர்வதை நான் ஊக்குவிக்கமாட்டேன். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஆனால் குளிகையைத் திடீரென நிறுத்துமுன் ஆய்வு மருத்துவரிடம் சொல்வது நல்லது.

ஆய்வு கிடைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்திலும் மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் செல்லக் கூச்சப்படுவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.