மூன்று சென்டிமீட்டர் பேரம்

நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களுக்கு உடம்பு வலித்தால் முதலில் பழி விழுவது சீட்டின் மேல்தான். ஜெல் வைத்துத் தைக்கிறார்கள், ஆட்டுத்தோல் விரிக்கிறார்கள், காற்றடைத்த மெத்தை வாங்கிப் போடுகிறார்கள். அப்படியும் இருநூறு கிலோமீட்டர் தாண்டியதும் முழங்கால் முனக ஆரம்பித்துவிடும். ஒரு காலை நீட்டிக் காற்றில் தொங்கவிட்டபடி கொஞ்ச தூரம் போவார்கள். பிறகு அடுத்த காலை. நெடுஞ்சாலையில் அப்படிப் போகிற ஒருவரைப் பார்த்தால், கோளாறு சீட்டில் இல்லை, அவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் கீழே இறக்கி மாட்டும் வழக்கம் டூரிங் பைக் வைத்திருப்பவர்களிடையே வெகுநாளாக உண்டு. தாழ்வான ஃபுட்ரெஸ்ட்களும், இருப்பதையே இறக்கித் தரும் பிராக்கெட்டுகளும் இதற்கென்றே விற்கின்றன. இறக்கம் என்னவோ பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம் இறங்கினால் முழங்காலுக்கு என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்? அப்படிக் கிடைக்குமென்றால், தயாரித்த நிறுவனமே இறக்கிக் கொடுத்திருக்கலாமே? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் எக்ஸ்ரே அறைக்கும் விண்வெளி நிலையத்துக்கும் போய்விட்டு, பள்ளிக்கூட முக்கோணவியலில் வந்து நிற்போம்.

மடங்கிய காலின் கணக்கு

ஓட்டுபவரின் உடம்பு பைக்கைத் தொடுவது மூன்று இடங்களில்: ஹேண்டில்பார், சீட், ஃபுட்ரெஸ்ட். இந்த மூன்று புள்ளிகளும் சேர்ந்த முக்கோணம்தான் முதுகு எவ்வளவு சாயும், இடுப்பு எவ்வளவு மடங்கும், முழங்கால் எவ்வளவு குறுகும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது.

நடுத்தர உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை 42 சென்டிமீட்டர், முழங்காலிலிருந்து பாதத்தின் அடி வரை 48 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் உயர சீட்டில் அவர் உட்கார்ந்தால் இடுப்பு மூட்டு தரையிலிருந்து சுமார் 88 சென்டிமீட்டரில் இருக்கும். ஃபுட்ரெஸ்ட் 34 சென்டிமீட்டர் உயரத்தில், இடுப்புக்குச் சற்று முன்னால் இருப்பதாகக் கொண்டால் அவர் முழங்கால் ஏறக்குறைய 75 டிகிரியில் மடங்கியிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அது 90. பைக்கில் அதைவிடவும் குறுகலாக மடக்கி, அதே நிலையில் மணிக்கணக்கில் வைத்திருக்கிறோம்.

இப்போது ஃபுட்ரெஸ்ட்டை 3 சென்டிமீட்டர் இறக்குவோம். முழங்கால் 80 டிகிரிக்கு விரிகிறது. தொடையும் மூன்று டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழிறங்குகிறது. ஐந்தும் மூன்றும் கேட்பதற்கு அற்பம். ஆனால் மடங்கிய முழங்காலுக்குள் நடப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முழங்கால் சில்லு தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் சறுக்கி ஓடும் எலும்பு. கால் மடங்க மடங்க, தொடையின் முன்தசை அதை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்துகிறது. அதிகம் மடங்கினால் அழுத்தமும் அதிகம். சினிமா தியேட்டரில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போது முன்முழங்காலில் வலிக்கிறது என்று வருபவர்களை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். இந்த வலிக்கே தியேட்டரை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தியேட்டரிலாவது இடைவேளை உண்டு, காலைக் குறுக்கே போடலாம், முன்சீட்டுக்கு அடியில் நீட்டலாம். பைக்கில் வலது கால் பிரேக்குக்கும் இடது கால் கியருக்கும் வாக்கப்பட்டவை.

தொடை இறங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் தொடை சீட்டை விட்டு மேலெழும்பி நிற்கும். உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளின் மேல் குவியும். தொடை தாழ்ந்து சீட்டின் மேல் படிந்தால் அதே பாரம் பரவிப் போகிறது. சீட்டைக் குறை சொன்னவர்களில் பலர் ஃபுட்ரெஸ்ட்டை மாற்றிய பிறகு அதே சீட்டோடு சமாதானமாகிவிடுவது இதனால்தான்.

உடம்பு கேட்கும் கோணம்

மனித உடம்புக்கென்று விருப்பமான கோணம் ஏதாவது உண்டா? 1953-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஜே. ஜே. கீகன் இதை எக்ஸ்ரேயில் தேடினார். ஆட்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வெவ்வேறு அளவில் காலை மடக்கச் சொல்லி, முதுகெலும்பைப் படம் எடுத்தார். தொடை வயிற்றை நெருங்க நெருங்க, பிட்டத் தசைகளும் தொடையின் பின்தசைகளும் இடுப்பு எலும்பைப் பின்னோக்கி இழுத்து உருட்டுகின்றன. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடுகிறது. உடலுக்கும் தொடைக்கும் இடையே சுமார் 135 டிகிரி இருக்கும்போதுதான் எல்லாத் தசைகளும் இழுபறியின்றி அமைதியாக இருந்தன.

இருபது ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறொரு இடத்திலிருந்து இதே கேள்விக்குப் பதில் வந்தது. 1973-இல் நாசா ஏவிய ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதந்த வீரர்கள், எதையும் பிடிக்காமல் உடம்பைத் தளர்த்தி விட்டபோது எப்படி நின்றார்கள் என்று படமெடுத்து அளந்தார்கள். கைகள் முன்னால் மிதந்தன, முழங்கால்கள் லேசாக மடிந்தன. உடலுக்கும் தொடைக்கும் இடையே சராசரியாக 128 டிகிரி, முழங்காலில் 133. கட்டிலில் படுத்தவரும் விண்வெளியில் மிதந்தவரும் சில டிகிரி வித்தியாசத்தில் ஒரே நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். புவியீர்ப்பை எடுத்துவிட்டால், தசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு ஓயும் நிலை அதுதான்.

ஸ்கைலேப் வீரரின் முழங்காலை அப்படியே பைக்கில் வைக்க முடியுமா? நம் நடுத்தர உயரக்காரருக்கே கணக்குப் போடலாம். முழங்கால் 130 டிகிரிக்கு விரிய வேண்டுமென்றால் ஃபுட்ரெஸ்ட்டை 27 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். இருந்த உயரமே 34. அதாவது தரைக்கு மேல் 7 சென்டிமீட்டரில் கால் வைத்துக்கொண்டு போக வேண்டும். வண்டி நேராகப் போகிற வரைக்கும் சரி. வளைவு வந்தால்?

சாலை கேட்கும் கோணம்

வளைவில் பைக் சாயாமல் திரும்பாது. சாயும்போது முதலில் தரையைத் தொட வாய்ப்புள்ள உறுப்புகளில் ஒன்று ஃபுட்ரெஸ்ட்டின் வெளிமுனை. அது தரையிலிருந்து எவ்வளவு உயரம், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற இரண்டு அளவு போதும். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். 34 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் தூரம் என்றால் 42 டிகிரி சாயும்வரை உரசாது. 3 சென்டிமீட்டர் இறக்கினால் 39 டிகிரிக்குச் சற்று மேல் வந்து நிற்கும்.

இதைச் சாலையின் மொழிக்கு மாற்றினால் இன்னும் தெளிவாகும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 42 டிகிரி சாய்வு என்பது மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம். 39 டிகிரி என்பது 72. முழங்காலுக்கு ஐந்து டிகிரி வாங்க, வளைவின் உச்ச வேகத்தில் மூன்று கிலோமீட்டரைக் கொடுக்கிறோம். ஸ்கைலேப் வீரரின் 7 சென்டிமீட்டர் ஃபுட்ரெஸ்ட்டோடு அதே வளைவுக்குப் போனால் 34 கிலோமீட்டர் வேகத்திலேயே தார்ச்சாலை உரசும்.

உண்மையான சாலை இந்தக் கணக்கைவிடக் கறாரானது. 40 டிகிரி சாய்வில் சஸ்பென்ஷன் மீது விழும் பாரம் நேராகப் போகும்போது விழுவதைப்போல 1.3 மடங்கு. ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்கிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டியிருந்தால் இன்னும் தாழும். அகலமான டயர் என்றால், அதே வேகத்துக்குக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகவே சாய வேண்டும். ஆகவே டூரிங் பைக்கில் ஃபுட்ரெஸ்ட்டை இறக்குபவர் பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடையும் (முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம்) சுமைக்கேற்ப ஏற்றிக்கொள்வது நல்லது. ஃபுட்ரெஸ்ட் தண்டின் நீளத்திலும் கவனம் வேண்டும். நீளம் குறைந்தால் முனை உள்ளே வரும்; 3 சென்டிமீட்டர் தாழ்ந்து 3 சென்டிமீட்டர் குட்டையாகவும் இருக்கும் ஃபுட்ரெஸ்ட், இழந்த சாய்வை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தந்துவிடும். பாதத்துக்குக் கிடைக்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும்.

பந்தய பைக்கின் ஃபுட்ரெஸ்ட் ஏன் அவ்வளவு உயரத்தில், பின்னால் தள்ளி இருக்கிறது என்பதும் இங்கே விளங்கிவிடும். மோட்டோ ஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்கிறார்கள். அவர்கள் முழங்கால் படும் பாடு முக்கால் மணி நேரத்துக்குத்தான். குரூஸர் பைக்குகள் எதிர்த்திசையில் போயின. ஃபுட்ரெஸ்ட்டைக் கீழே கொண்டுபோக இடமில்லாததால் முன்னால் கொண்டுபோய்க் காலை நீட்டின. முழங்கால் விரிந்தது உண்மை. ஆனால் கால் நீள நீளத் தொடையின் பின்தசை இறுகி இடுப்பை உருட்டுகிறது, முதுகு கூனுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது காலை ஊன்றி எழும்பவும் வழியில்லாமல் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு ஏறுகிறது. சாகசப் பயண பைக்குகள் மூன்றாவது வழியை எடுத்தன: ஃபுட்ரெஸ்ட்டை விட்டுவிட்டு சீட்டை உயர்த்தின. முழங்காலும் பிழைத்தது, சாய்வும் பிழைத்தது. சிக்னலில் நிற்கும்போது குள்ளமானவர்களின் கால் தரைக்கு எட்டாமல் போனதுதான் மிச்சம்.

மாட்டும்போது

தாழ்வான ஃபுட்ரெஸ்ட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது கீலில் மடங்குகிறதா என்பதை. முனை தரையில் பட்டால் மேல்நோக்கி மடங்கி வழிவிட வேண்டும். மடங்காத இரும்பு சாலையில் ஊன்றினால் அது நெம்புகோலாகி டயரையே தரையிலிருந்து தூக்கிவிடும். அதன் பிறகு ஓட்டுபவர் கையில் எதுவும் இல்லை. பல ஃபுட்ரெஸ்ட்களின் முனைக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு போல்ட் தரையை முதலில் உரசி எச்சரிப்பதற்காக வைத்தது. கீழிறக்கும் பிராக்கெட் போட்டால் இதையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும். பிராக்கெட்டின் நீளம் கூடக் கூட, எழுந்து நிற்கும்போது பழைய போல்ட்டின் மேல் விழும் முறுக்கும் கூடும்.

அடுத்தது பெடல்கள். ஃபுட்ரெஸ்ட் இறங்கி, பிரேக் பெடலும் கியர் லிவரும் பழைய உயரத்திலேயே இருந்தால் பாதம் எந்நேரமும் மேல்நோக்கித் தூக்கியபடி நிற்கும். முழங்காலில் இருந்த வலி முன்னங்காலுக்கு இடம் மாறிவிடும். தூக்கச் சலித்த பாதம் பெடலின் மேல் சாய்ந்தால் பின் பிரேக் தேய்ந்துகொண்டே சூடேறும், பிரேக் விளக்கு அணையாமல் எரியும். கியர் லிவரை அதன் பல் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டியும், பிரேக் பெடலின் உயரத்தையும் விளக்கின் சுவிட்சையும் திருத்தியும் முடித்தால்தான் வேலை முடிந்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் தேவைப்படாது. கால் குட்டையானவர் அளவுக்கு மீறி இறக்கினால் பாதம் ஊன்றாமல் தொங்கும், பாரம் மீண்டும் சீட்டுக்கே திரும்பும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து முழங்கால் கோணத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.

தொழிற்சாலையில் ஃபுட்ரெஸ்ட்டின் உயரத்தை முடிவு செய்தவர் முன் இரண்டு பேர் இருந்தார்கள்: வளைவில் முழுச் சாய்வையும் பயன்படுத்துகிறவர், நேர்சாலையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறவர். உரசினால் ஆபத்து என்பதால் முதலாமவரின் பக்கம் சாய்ந்துதான் உயரம் குறிக்கப்பட்டது. பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் 42 டிகிரியை எட்டுவது அபூர்வம்; 75 டிகிரியில் மடங்கிய முழங்காலை அவர் ஒவ்வொரு மணி நேரமும் சுமக்கிறார். தனக்கு உதவாத அந்த மூன்று கிலோமீட்டர் வேகத்தை விற்று, உதவும் ஐந்து டிகிரியை அவர் வாங்கிக்கொள்ளலாம். விற்றதை மறந்துவிட்டுப் பழைய வேகத்திலேயே வளைவுக்குள் போகாதவரை அது லாபமான பேரம்தான்.