நகத்தில் வளரும் அரிய பூஞ்சைகள்: நோய்க்காரணியா, மாசா?

முன்னுரை

நகப்பூஞ்சை நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக அமைவன டெர்மட்டோபைட்டுகள் எனப்படும் தோல்பூஞ்சைகளே. நகத்தின் கெரட்டின் புரதத்தைச் சிதைத்து வாழும் இவற்றுள் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் முதன்மையானது. எனினும், மண்ணிலும் தாவரங்களிலும் இயல்பாக வாழும் வேறு சில பூஞ்சைகளும் நகத்தைத் தாக்குகின்றன. அவற்றைக் கண்டறிவதில் நேரக்கூடிய இருவகைப் பிழைகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

காரணிகள்

ஸ்கோபுலாரியாப்சிஸ் பிரெவிக்காலிஸ், பியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ், நியோசைட்டாலிடியம் டிமிடியேட்டம் ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. முதலாவது பெரும்பாலும் கால் பெருவிரல் நகத்தைப் பற்றுகின்றது. இறுதியாகச் சுட்டப்பெற்றது மா முதலிய மரங்களில் நோய் விளைவிப்பது. வெப்பமண்டல மக்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. இது பாதத்தையும் நகத்தையும் தாக்குவதை ஜென்டில்ஸ், எவான்ஸ் ஆகியோர் 1970ஆம் ஆண்டில் ஹெண்டர்சோனுலா டோருலாய்டியா என்னும் பழைய பெயரில் பதிவு செய்தனர்.

வளராமையால் நேரும் பிழை

தோல்பூஞ்சைகளைப் பிரித்தெடுக்கும் வளர்ப்பூடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்பது வழக்கம். மாசாக வந்துசேரும் பூஞ்சைகளை அது அடக்குகின்றது. ஆனால், நியோசைட்டாலிடியத்தின் வளர்ச்சியையும் அதுவே தடுத்துவிடுகின்றது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்ட நகத்துகளில் பூஞ்சையிழைகள் தென்பட்டும், வளர்ப்பில் எதுவும் தோன்றாத நிலை இதனால் உண்டாகலாம். எனவே, சைக்ளோஹெக்சிமைடு கலவாத ஊடகத்திலும் மாதிரியை இடுதல் இன்றியமையாதது.

வளர்வதால் நேரும் பிழை

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. காற்றில் பரவும் வித்துகள் நகத்தில் படிந்திருக்கக்கூடும். ஆதலின், வளர்ச்சி மட்டுமே சான்றாகாது. மேரி இங்கிலிஷ் 1976இல் இதற்கு வரையறைகள் வகுத்தார். தோல்பூஞ்சை வளர்ந்தால் அதுவே நோய்க்காரணி. ஏனைய பூஞ்சை வளர்ந்தால், நுண்ணோக்கியில் இழைகள் புலப்பட வேண்டும். தோல்பூஞ்சை வளராத நிலையில், ஊடகத்தில் இட்ட 20 துணுக்குகளுள் குறைந்தது 5இல் அப்பூஞ்சை வளர்ந்திருக்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் எடுத்த மாதிரிகளிலும் அதே பூஞ்சை கிடைப்பின் முடிவு மேலும் உறுதிபெறும்.

மருத்துவப் பயன்

தோல்பூஞ்சைகளுக்கு வழங்கப்பெறும் கிரைசியோபல்வின் இவற்றின்மீது பயனளிப்பதில்லை. நியோசைட்டாலிடியம் பிற வாய்வழி மருந்துகளுக்கும் எளிதில் கட்டுப்படுவதில்லை. வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்த இரத்தப் புற்றுநோயாளரிடம் நகத்திலுள்ள பியூசேரியம் குருதியிற் கலந்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

முடிவுரை

வளர்ப்பில் எதுவும் தோன்றாமை நோயின்மைக்குச் சான்றன்று. ஏதேனும் தோன்றுதலும் நோய்க்குச் சான்றன்று. நுண்ணோக்கி ஆய்வு, இருவகை ஊடகம், மீள்மாதிரி ஆகிய மூன்றும் இணையும்போதே முடிவு நம்பகமாகின்றது.